மரப்பெட்டி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழி

வீட்டில் செய்த மரப்பெட்டி முடித்த அன்று ஒழுங்காகத்தான் இருக்கும். இரண்டு மாதம் போனபிறகுதான் வேலையைக் காட்டும். மூடி இறுகும், மூலை வாய் பிளக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். உடனே இழைப்புளியையோ பெயிண்ட் டப்பாவையோ தேடி ஓடாதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பெட்டியை எங்கே செய்தீர்கள், இப்போது அது எங்கே இருக்கிறது?

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் ஆரம்பித்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துப் பயணம்தான், ஆனால் மரத்துக்கு அது வேறு நாடு. சித்திரை வெயிலில் செவ்வாய்ப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த பலகையில் செய்த பெட்டி, ஐப்பசி மழையில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் வீட்டில் போய் உட்கார்ந்தால் ஊதும். மலையில் அறுத்த சில்வர் ஓக் பலகையைக் கீழே கொண்டுவந்து அன்றே பெட்டி அடித்தால் சுருங்கும். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தில் வந்து முடியும்.

கணக்கு இதுதான். மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். நீளவாக்கில் அளவு அநேகமாக மாறாது, மாறுவதெல்லாம் அகலவாக்கில். மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினால் சாதாரணப் பலகையின் அகலம் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். ஒரு அடி அகல மூடிக்கு அது 3 மில்லிமீட்டர். தேக்கு இதில் கொஞ்சம் சாது, குறைவாகத்தான் அசையும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக உள்ள அறையில் மரத்தின் ஈரம் 7, 8 சதவீதத்தில் நிற்கும். அதுவே 80 சதவீதமானால் 16 வரை ஏறும். அப்படியானால் அதே மூடி 6 மில்லிமீட்டர் வரை போய்வரும். பெயிண்டோ வார்னிஷோ இந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

பலகை தயாரா என்று பார்க்க மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். பலகையின் நுனியில் ஒரு சாண் விட்டு உள்பக்கமாக ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். (நுனி எப்போதும் சீக்கிரம் காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது.) பெட்டி கடைசியில் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கேயே பலகைகளையும் துண்டையும் வைத்து, சமையலறைத் தராசில் துண்டை தினமும் நிறுத்துக் குறித்துவையுங்கள். எடை மாறாமல் நின்ற பிறகும் பலகைகளை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் சின்னத் துண்டு முந்திக்கொள்ளும். நல்ல ஆசாரி பலகையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்: “இன்னும் பச்சைங்க, பத்து நாள் போகட்டும்.” அந்தக் கை நமக்கு வரும்வரை தராசு போதும்.

மழைக்காலத்தில் மூடி இறுகுகிறது, கோடையில் லொடலொடக்கிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். மழையில் மூடி இறுகியதும் ஓரத்தை இழைத்துத் தள்ளிவிடுவார்கள். பங்குனி வந்ததும் அந்த இடைவெளியில் எறும்பு நுழையும், பூச்சி நுழையும். மழைக்காலத்தில் இழைப்புளியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

முதலில் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பெட்டியின் உள்விளிம்பில் கலர் சாக்பீஸை நன்றாகத் தேயுங்கள். மூடியை மெதுவாக இறக்கி, ஒருமுறை அழுத்தி எடுங்கள். மூடியின் ஓரத்தில் சாக்பீஸ் ஒட்டிய இடம்தான் இறுகும் இடம். மர வரி (மரத்தின் நார்) ஓடும் திசைக்குப் பக்கவாட்டில் உள்ள இரண்டு ஓரங்களிலும் நெடுக நிறம் ஒட்டியிருந்தால் பலகை ஊதியிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் பெட்டி கோணல் அல்லது கீல் தப்பு, ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊதியதாக இருந்தால் பெட்டியைக் காய்ந்த அறைக்கு மாற்றி, மூடியைத் திறந்துவைத்து, சில நாள் பொறுத்திருங்கள். ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் அதுவரைக்கும் சமாளிக்கலாம்.

நிரந்தரத் தீர்வு அமைப்பில்தான் இருக்கிறது. பெட்டிக்குள் இறங்கும் மூடிக்குப் பதில் பெட்டியின் மேல் உட்காரும் மூடி செய்யுங்கள். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஊதினாலும் சுருங்கினாலும் யாருக்கும் தெரியாது. உள்ளே இறங்கும் மூடிதான் வேண்டும் என்றால், கோடையில் செய்யும்போது பக்கத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மழையில் செய்தால் ஒட்டினாற்போல் வைக்கலாம்.

மூடி வளைந்து குழிந்துவிட்டது

வெளிப்பக்கம் நாலு கோட் வார்னிஷ், உள்பக்கம் வெறும் மரம். முக்கால்வாசி வளைந்த மூடிகளின் கதை இவ்வளவுதான். வெறும் பக்கம் சட்டென்று காய்கிறது, சட்டென்று ஊதுகிறது. பூச்சுள்ள பக்கம் நிதானமாக வருகிறது. இரண்டுக்கும் நடுவில் பலகை வளைகிறது. காய்ந்து சுருங்கிய பக்கம்தான் குழியும்.

சரிசெய்ய, குழிந்த பக்கத்தில் பூச்சு இருந்தால் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுங்கள். ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்து, குழிந்த பக்கம் சாக்கைப் பார்க்க மூடியைக் கவிழ்த்து, மேலே வெயில் படும்படி விடுங்கள். கீழ்ப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மேல்பக்கம் காய்ந்து சுருங்கும். சேலத்து வெயிலில் சில மணி நேரத்திலேயே மாற்றம் தெரியும், அதனால் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். மறந்தால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். நேரான உடனே நிழலுக்கு எடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி ஆறவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு கோட் அடியுங்கள்.

திரும்ப வளையாமல் இருக்க உள்பக்கம் குறுக்கே இரண்டு ரீப்பர் சட்டம் (மெல்லிய மரச்சட்டம்) கொடுக்கலாம். அதைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், பலகை அசைய வழியில்லாமல் வெடிக்கும். நடு ஸ்க்ரூவை இறுக்கி, ஓரத்து ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில் நீளவாக்கில் துளை போடுங்கள். பலகை நகரும்போது ஸ்க்ரூவும் அந்தத் துளைக்குள் நகர்ந்துகொள்ளும்.

அடிப்பலகை நடுவில் வெடித்துவிட்டது

அகலமான ஒரே பலகையை நாலு பக்கமும் பசை தடவி ஆணியும் அடித்திருப்பீர்கள். சுருங்க இடம் கேட்டது, கிடைக்கவில்லை, நடுவில் கிழித்துக்கொண்டது. கோடையில் இந்த வெடிப்பில் பட்டி (ஓட்டை அடைக்கும் பசைக்கலவை) வைத்து அடைத்தால், மழையில் பலகை ஊதும்போது பட்டி இடம் கொடுக்காமல் மூலைகளை நெம்பிவிடும். அதே மரத்தில் மெல்லிய செதிள் ஒன்றைச் சீவி, வெடிப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவிச் சொருகுங்கள். பொருள் கொட்டாது, மரமும் மூச்சுவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் பக்கப் பலகைகளில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அடிப்பலகையைப் பசை இல்லாமல் காடிக்குள் சும்மா உட்கார வைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஆழம் போதும், பலகையை அகலவாக்கில் கொஞ்சம் குறைத்து அறுத்துக்கொள்ளுங்கள். காடி எடுக்கக் கருவி இல்லையா? அடிக்கு 6 எம்.எம். பிளைவுட் போடுங்கள். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது அசையாது, பசை தடவி ஒட்டலாம். பிளைவுட் போட்டால் பெட்டிக்குக் கௌரவம் குறைச்சல் என்று நினைப்பவர்கள் உண்டு. அடிப்பக்கத்தை யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

மூலை திறந்துகொள்கிறது

பலகையின் முனைப்பக்கம் பசையை உறிஞ்சிக் குடித்துவிடும். தடவியது எல்லாம் உள்ளே போய், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் முனையில் முதலில் தண்ணீர் கலந்த பெவிக்காலை ஒரு கை தடவி, சில நிமிடம் உறிஞ்சவிட்டு, பிறகு கெட்டிப் பசையைத் தடவிக் கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லாதவர்கள் கயிற்றைச் சுற்றிக் குச்சி சொருகி முறுக்கலாம். ஒரு மணி நேரத்தில் கயிற்றை அவிழ்க்கலாம், ஆனால் ஒரு நாள் முழுக்கப் போன பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தும் முனை இணைப்பு வெறும் பசையில் நிற்காது. காய்ந்த பிறகு மூலைக்கு மூன்று துளை, லேசாகச் சாய்த்துப் போட்டு, மூங்கில் குச்சியைச் சீவிப் பசையோடு அடித்து இறக்கி, வெளியே நீட்டுவதை அறுத்துத் தேயுங்கள். நாலு மூலையிலும் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாகத் தெரியும், அதுவே ஒரு அலங்காரம்.

திறந்த மூலையைத் திரும்ப ஒட்டும்போது பழைய பசையைச் சுரண்டி மரம் தெரிய எடுக்க வேண்டும். காய்ந்த வெள்ளைப் பசை மேல் புதுப் பசை பிடிக்காது. திறந்த இடத்தில் பசை சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால், ஒட்டியபோது குளிர் அதிகம் என்று அர்த்தம். மார்கழியில் மலை மேல் இரவில் ஒட்டும் வேலையே வேண்டாம், மத்தியானம் ஒட்டுங்கள்.

பெட்டி சதுரமாக இல்லை

இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். சமமாக இல்லையென்றால் கோணல். பசை காயும் முன்பானால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் அழுத்தினால் சரியாகும். காய்ந்த பிறகு தெரிந்தால் பெட்டியை விட்டுவிட்டு மூடியை அந்தக் கோணலுக்கு ஏற்ப அறுங்கள்.

ஆணி அடித்தால் பலகை பிளக்கிறது

ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் தட்டி மழுக்குங்கள். கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி செய்துகொள்ளும். பலகை ஓரத்துக்கு ஒரு அங்குலத்துக்குள் அடிப்பதாக இருந்தால் துளை போட்டுவிட்டே அடியுங்கள். ஆணிகளை ஒரே மர வரியில் வரிசையாக இறக்காதீர்கள்.

கீல் ஆடுகிறது, ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது

ஸ்க்ரூவைக் கழற்றி, துளைக்குள் பசை தொட்ட தீக்குச்சி இரண்டு மூன்றைச் சொருகி, காய்ந்ததும் நீட்டுவதை வெட்டிவிட்டுத் திரும்ப முடுக்குங்கள். பித்தளை ஸ்க்ரூ போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பித்தளை மெத்து. தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் நேராக முடுக்கினால் பாதி இறங்கியதும் ‘டிக்’ என்று தலை கையோடு வந்துவிடும், தண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முடுக்கி மரை வெட்டிக்கொண்டு, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மெழுகில் தோய்த்து முடுக்குங்கள். வழுக்கிக்கொண்டு போகும். ஸ்க்ரூத் தலைகளின் காடியெல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி நிறுத்தினால் பார்க்க அழகு.

மூடியின் பின்பக்கம் படிந்தும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கீல் அளவுக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கிறது. கீலுக்கு அடியில் ஒரு துண்டு அட்டை வையுங்கள், போதும்.

வார்னிஷ், பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது

ஏற்காட்டு வீடுகளில் இது சர்வசாதாரணம். மூடுபனி ஜன்னல் வரை வந்து நிற்கிற நாளில் அரக்குப் பாலிஷோ (அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது) தின்னர் கலந்த லாக்கரோ அடித்தால், ஸ்பிரிட்டும் தின்னரும் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சுக்குள் சிக்கும். பால் தெளித்தது போல் படலம் தெரியும்.

பயந்து முழுவதும் சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில், காய்ந்த அறையில், மெத்தென்ற பஞ்சுத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு (துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது) ஒரே திசையில் லேசாக ஒருமுறை இழுங்கள். அரக்குப் பாலிஷானால் மேல்படலம் இளகி, ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். லாக்கரானால் துணிக்குப் பதில் ஸ்ப்ரேயில் தின்னரை மெலிதாகப் பனி மாதிரி அடிக்க வேண்டும். மலை மேல் இருப்பவர்கள் காலை பத்தரைக்கு முன்பும் மாலை மூன்றுக்குப் பிறகும் பூச்சு வேலை வைத்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

பூச்சு காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

இரண்டு காரணம். எண்ணெய்ப் பூச்சைக் கெட்டியாக அடித்திருப்பீர்கள், மேல் தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். அல்லது மரமே எண்ணெய்ச் சத்துள்ளது. தேக்கில் இது உண்டு, அந்த எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது. முதல் வகைக்கு டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, மெல்லிய கோட்டாகத் திரும்ப அடியுங்கள். தேக்குக்கு, பூச்சு அடிக்கும் முன் தின்னரால் துடைத்து, ஒரு கோட் அரக்குப் பாலிஷ் அடித்து அடைத்துவிட்டு வார்னிஷ் போடுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

பெயிண்ட் கொப்புளிக்கிறது, கறை மேலே வருகிறது

கொப்புளம் உள்ளே ஈரம் என்பதற்கு அடையாளம். சுரண்டி, காயவைத்து, பிரைமரிலிருந்து ஆரம்பியுங்கள். வழி வேறில்லை. பழைய பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தில் செய்தால், கணு இருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சள் கறை எத்தனை கோட் அடித்தாலும் மேலே வரும். அது பிசின். கணுவின் மேல் இரண்டு கோட் அரக்குப் பாலிஷ் தடவிவிட்டுப் பெயிண்ட் அடித்தால் நிற்கும். எனாமல் சுருக்கம் விழுந்தால் முதல் கோட் காயும் முன் இரண்டாவதை அடித்திருக்கிறீர்கள்.

வரைந்த கோலத்தின் ஓரம் பிசிறடிக்கிறது

அட்டையில் கோலம் வெட்டி ஸ்டென்சிலாக வைத்தோ மாஸ்கிங் டேப் ஒட்டியோ அடிக்கும்போது, டேப்பை எவ்வளவு அழுத்தினாலும் மர வரிப் பள்ளத்தில் நிறம் நுழைந்துவிடும். ஒரு சின்ன உபாயம். டேப்பை ஒட்டியதும், முதலில் பெட்டியின் அடிநிறத்தையே டேப் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுங்கள். கசிவதானால் அந்த நிறம் கசிந்து இடுக்கை அடைத்துவிடும், அடிநிறத்தோடு சேர்ந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது. அது காய்ந்த பிறகு கோலத்தின் நிறத்தை அடித்து, முழுக்கக் காயும் முன் டேப்பை உரித்தால் கத்தியால் வெட்டியது மாதிரி ஓரம் வரும். ஸ்டென்சிலில் பிரஷ் வேண்டாம். ஸ்பாஞ்சில் நிறத்தைத் தொட்டு, பழைய பேப்பரில் பாதியை ஒற்றி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். எனாமல் மேல் அக்ரிலிக் அடித்து அது தோல் தோலாக உரிந்தால், எனாமலின் பளபளப்பை உப்புத்தாளால் மங்கவைக்காமல் அடித்ததுதான் காரணம்.

துணி ஒட்டிய இடத்தில் பசைக் கறை

அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் நல்ல பார்டரை மட்டும் வெட்டி மூடியில் ஒட்டுவது சேலத்தில் நிறையப் பேர் செய்கிற வேலை. பட்டு மெலிசு, வெள்ளைப் பசை ஊடுருவி மேலே பளபளவென்று திட்டு விழும். மரவள்ளி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, துணியில் தடவாமல் மரத்தில் மட்டும் மெலிதாகத் தடவி, பாதி உலர்ந்து பிசுபிசுக்கும்போது துணியை வைத்து உலர்ந்த கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். மாவுப் பசைக்குக் கரப்பானும் பூச்சியும் வரும். அதற்குப் பழைய புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் சிட்டிகை மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் கையாளும் பெட்டிக்கு வேண்டாம். சாயம் போகிற துணியா என்று ஈர விரலால் முன்பே தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு அடியில் மாவு மாதிரி தூள்

கொலு பொம்மைப் பெட்டியை வருஷத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்கும்போது இது தெரியும். குண்டூசித் தலை அளவு துளைகளும் டால்கம் பவுடர் மாதிரி தூளும் இருந்தால் உளுவண்டு. மண் கோடு இருந்தால் கரையான், அது பெட்டியின் கோளாறு இல்லை, சுவரின் கோளாறு. உளுவண்டுக்கு மரத்தின் மாவுச்சத்துள்ள வெளிப்புற வெள்ளைப் பகுதிதான் தீனி. மா, ரப்பர் மரங்களில் சீக்கிரம் விழும். வைரம் பாய்ந்த தேக்கைச் சீண்டாது.

துளை பழையதா புதியதா என்று தெரிய, தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்துவையுங்கள். ஒரு வாரத்தில் திரும்பத் தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பூச்சு இருக்கும் பெட்டியானால் உரித்து வெறும் மரமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. வெண்காரத்தையும் (போராக்ஸ்) போரிக் பவுடரையும் (கேரம் போர்டில் தூவுவதுதான்) வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை நன்றாகக் குடிக்கவிட்டு, நிழலில் காயவைத்துப் பூச்சு அடியுங்கள். தண்ணீர் பட்டால் மருந்து கரைந்து வெளியேறிவிடும், பூச்சு அதற்காகத்தான். அரிசி, பருப்பு, மிளகு வைக்கும் பெட்டிக்கு இந்த வைத்தியம் கூடாது. அதைக் கழித்துவிடுங்கள்.

இழைக்கும்போது கை அரிக்கிறது

சில்வர் ஓக் என்றால் ஆச்சரியமில்லை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்து, மிளகுக்கொடி ஏற்றிவிட்டு, பிறகு வெட்டி விற்கும் ஆஸ்திரேலிய மரம். விலை மலிவு, லேசு, வரிவரியாகச் சரிகை மினுக்கும் பலகையும் கிடைக்கும். ஆனால் சிலருடைய தோலுக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் குளியல். அப்படியும் தடித்தால் மரத்தை மாற்றுங்கள்.

உள்ளே வைத்த பொருளில் வாடை ஏறுகிறது

காப்பிக்கொட்டையும் மசாலாவும் வாடையை இழுத்துக்கொள்ளும். மலையிலிருந்து வாங்கிவந்த நல்ல மிளகை எனாமல் அடித்த பெட்டியில் போட்டால் ரசத்தில் பெயிண்ட் மணக்கும். சமையலறைப் பெட்டிக்கு உள்பக்கம் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பழைய அஞ்சறைப்பெட்டிகளைப் பாருங்கள், உள்ளே வெறும் மரம்தான் இருக்கும். பூச்சு அவசியம் என்றால் அரக்குப் பாலிஷ் இரண்டு மெல்லிய கோட் அடித்து, மூடியைத் திறந்துபோட்டு, மூக்கை வைத்தால் ஸ்பிரிட் வாடை துளியும் வராத வரைக்கும் விடுங்கள். ஏற்கெனவே எனாமல் அடித்துவிட்டீர்களா, சுரண்டுவது வீண் வேலை. உள்ளே எவர்சில்வர் கிண்ணங்கள் பொருந்தும்படி வாங்கி வைத்துவிடுங்கள். கிண்ணத்துக்கு மூடி இருக்கட்டும்.